ஒரு வாய் அளவு தாருங்கள்: டச்பே கடற்கரை வண்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை டச்பே கடற்கரையில் பின்னேரங்களில் வண்டி போடுகிற தம்பிமார், தங்கச்சிமார், ஐயாமார் எல்லோருக்கும். அந்தக் கடற்கரையின் விளக்குக்கும் குப்பைக்கும் அனுமதிக்கும் பொறுப்பான நகர நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. கணக்கெழுதியே காலம் போக்கி ஓய்வு பெற்றவன். பின்னேரம் ஐந்தரைக்குக் கோட்டை வாசல் பக்கமிருந்து நடந்து வந்து, ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் குந்தியிருக்கிற ஆள். "ஐயா கச்சானைத் தவிர ஒன்றும் வாங்க மாட்டார், கடலை மட்டும் ஓசியில் பார்ப்பார்" என்று உங்களில் ஒருவர் போன கிழமை பகிடி விட்டார். எனக்குக் கோபமில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் வண்டிகளில் வயிறு நிறையச் சாப்பிடலாம். ருசி பார்க்கத்தான் முடியவில்லை.

போன ஆவணியில் என் அக்காவின் மகள் கனடாவிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். மூத்தவனுக்கு பதினொரு வயது, சின்னவளுக்கு ஏழு. முதல் நாள் பின்னேரமே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வண்டி வண்டியாக நின்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தின்பது என்று வீட்டிலேயே திட்டம் போட்டாயிற்று. இறால் வடையில் தொடங்கினோம். கொழும்புக்காரர் காலிமுகத்திடல் வடையைப் பற்றிப் பெருமை அடிப்பார்கள்; அடிக்கட்டும். நம் வடையின் மேல் குந்தியிருக்கிற இறால் அன்று காலை எந்தத் தண்ணீரில் நீந்தியது என்று விற்கிற ஆளே சொல்லிவிடுவார். ஆளுக்கு ஒன்று, மேலே வெங்காயம், கொஞ்சம் மிளகாய்ச் சோஸ். சின்னவள் மட்டும் இறாலைப் பிய்த்துத் தின்றுவிட்டு வடையை என்னிடம் தந்தாள். சரி, நல்ல தொடக்கம்.

அடுத்தது கொத்து ரொட்டி. அந்த இரண்டு தகடும் கல்லில் அடிக்கிற தாளம் கேட்டால் எந்தப் பிள்ளைதான் தாண்டிப் போகும்? "ஹாஃப்" ஒன்று கேட்டேன். வந்தது ஒரு சின்னக் கோணமலை. ஒரு ஹாஃபை நாலு பேரும் தின்று முடிக்க முடியவில்லை, அதோடு எங்கள் பயணம் முடிந்தது. பலூடா வண்டியில் உயரமான கிளாஸில் சிவப்பும் பச்சையும் அடுக்கடுக்காக நின்றதைப் பிள்ளைகள் பார்த்தார்கள், வயிற்றைத் தடவினார்கள், திரும்பிவிட்டார்கள். அன்னாசிக்காரர் மிளகாயும் உப்பும் தூவி நீட்டினார், கை எடுக்கவில்லை. மிஞ்சிய கொத்தைப் பெட்டியோடு குப்பைத் தொட்டியில் போட்டோம். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. நாங்கள் நூறடி நடக்கவில்லை, கோட்டைப் புள்ளிமான் ஒன்று வந்து அந்தப் பெட்டியை இழுத்து விழுத்தியது. கொத்தைத் தின்றதா, எண்ணெய் பட்ட தாளைத் தின்றதா என்று இருட்டில் தெரியவில்லை. சின்னவள் அழத் தொடங்கினாள்.

திரும்புகிற வழியில் மருமகள் கேட்டாள்: "மாமா, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மட்டும் தரமாட்டாங்களா? காசு கூட எடுக்கட்டும்."

"காசு கூட எடுக்கட்டும்" என்பதைக் கவனியுங்கள். நானும் அன்றைக்குப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த நாள்தான் உறைத்தது.

அவளுக்குத் தொதல் வேண்டுமாம். அவள் அம்மா, அதாவது என் அக்கா, கனடாவில் குளிர்காலம் முழுக்கத் தொதலைப் பற்றியே கதைப்பாளாம். கடற்கரையில் தொதல் இல்லை. பட்டணத்துக்குள் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பாக, பளபளவென்று ஒரு தட்டு. ஒரு துண்டு தாருங்கள், பிள்ளைகள் ருசி பார்க்கட்டும் என்றேன். "250 கிராமுக்குக் குறைய வெட்டுறதில்லை ஐயா." பிள்ளைகளுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ தெரியாமல் கால் கிலோ வாங்க அவளுக்கு மனமில்லை. பெரியவனுக்கு நெய்ப் பிசுக்கு என்றாலே ஆகாது. வாங்காமலே வந்துவிட்டோம். அவன் தொதல் தின்னாமலே விமானம் ஏறினான். அந்தக் கடைக்காரர் நட்டப்பட்டதாக நினைத்திருக்க மாட்டார். நான் நினைத்தேன்.

யோசித்துப் பாருங்கள், நாம் சின்ன வயதில் இனிப்புகளை எப்படித் தெரிந்துகொண்டோம்? எங்கள் ஒழுங்கையில் எங்களுக்கு வலப்பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம், எதிரே சிங்களக் குடும்பம். பெருநாளன்று வட்டிலப்பம் வரும், ஒரு பீரிசில் ஒரு சதுரம், மேலே ஒரு துணி. சித்திரைப் புத்தாண்டுக்குக் கெவுமும் கொக்கிஸும் வரும். எங்கள் வீட்டிலிருந்து தீபாவளிக்குப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் போகும். வெறும் பீரிசைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மாவுக்கு ஒரு பிடிவாதம், வேறொன்றும் இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழமாவது வைப்பாள். எல்லாம் ஒரு வாய் அளவுதான். ஆளுக்கு ஒரு கடி. பிடித்தால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டாலும் ஒன்றும் நட்டமில்லை. அந்தப் பீரிஸ் ஓட்டம் இப்போது எங்கள் ஒழுங்கையில் பாதிக்கு மேல் நின்றுவிட்டது. வீடுகள் மாறிவிட்டன, ஆட்கள் மாறிவிட்டார்கள், பலகாரமும் கடையில்தான் வாங்குகிறோம், அதுவும் கிலோக் கணக்கில்.

கொக்கிஸ் என்ற பெயரே டச்சுக்காரர் தங்கள் பிஸ்கற்றுக்கு வைத்திருந்த சொல்லிலிருந்து வந்தது. டச்சுக்காரர் பெயரில் ஒரு கடற்கரை இருக்கிறது, அவர்கள் சொல்லில் ஒரு பலகாரம் இருக்கிறது, அந்தக் கடற்கரையில் அந்தப் பலகாரம் இல்லை. கொஞ்சம் வேடிக்கைதான்.

இனி நேராகக் கேட்கிறேன். கொத்துக்காரத் தம்பிமாரை விட்டுவிடுகிறேன். கால் கொத்துக் கேட்டால் உங்களுக்கு எரிச்சல் வரும் என்று தெரியும்; கல் ஒன்று, கை இரண்டு, வரிசையில் பதினைந்து பேர். ஒருவரிடம் கேட்டும் பார்த்தேன். "ஐயா, கால் கொத்துக்கும் முழுக் கொத்துக்கும் அடி ஒன்றுதான்" என்றார். நியாயம். நாட்டுக்கே கோதுமை மா அரைத்துக் கொடுக்கிற பெரிய ஆலை நம் சீனக்குடாவில் நிற்கிறது, ஊரில் ரொட்டிக்குப் பஞ்சம் வராது. நீங்கள் அப்படியே அடியுங்கள். சீஸ் கொத்து என்று ஒன்றைப் போடுகிறீர்களே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அது வேறு கதை.

என் கோரிக்கை இனிப்புக்குத்தான். சட்டித் தயிர், தொதல், வட்டிலப்பம், பயற்றம் பணியாரம், பனங்காய்க் காலத்தில் பனங்காய்ப் பணியாரம், ஆடிப் பிறப்பையொட்டி ஆடிக்கூழ். இவை கடற்கரைக்கு வரவேண்டும், வாய் அளவில் வரவேண்டும்.

தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிர் நமக்கு வீட்டுப் பண்டம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் கிண்ணியாச் சட்டிகள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, தண்ணீர் கடந்து வந்தன. இப்போது 396 மீற்றர் பாலத்தில் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு சில நிமிடத்தில் தண்ணீரைக் கடந்துவிடுகின்றன. பசுப்பாலில் கொழுப்பு 4 வீதம் அளவில் இருக்கும் என்றால் எருமைப்பாலில் 7 வீதம் அளவில் இருக்கும். அதோடு மண்சட்டி நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் கரண்டியைச் செருகினால் அப்படியே நிற்கிறது. வெளியூரிலிருந்து கோணேசர் கோவிலுக்கு வருகிற குடும்பம் ஒரு முழுச் சட்டியை வாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகுமா? போகாது. உள்ளங்கை அளவுக் குட்டிச் சட்டியில், மேலே ஒரு கரண்டி கித்துள் பாணி விட்டுக் கொடுத்துப் பாருங்கள். நின்ற நிலையில் தின்றுவிட்டு, சட்டியைக் கழுவி ஞாபகத்துக்குக் கொண்டுபோவார்கள். கித்துள் நம் பக்கத்து மரம் இல்லை, மழை கூடிய மலைச்சரிவுகளில் வளர்வது. பாணி விலை உதைக்கும். அப்படியென்றால் வடக்கிலிருந்து வருகிற பனங்கட்டியைத் துருவிப் போடுங்கள். பனங்கட்டியில் மெல்லிய ஒரு கரிப்பு உண்டு, தயிரின் புளிப்போடு நன்றாகப் போகும். எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

தொதலுக்கு நான் கணக்கே போட்டுவிட்டேன், பழைய பழக்கம். கிலோ 1,600 ரூபா என்று வைத்துக்கொள்வோம். விலை மாறும், இது கணக்குக்காக. 20 கிராம் துண்டாக வெட்டினால் 50 துண்டு. உதிர்ந்தது, ஒட்டியது, அயல் வண்டிக்காரருக்குச் சும்மா கொடுத்தது என்று ஐந்தைக் கழியுங்கள். மிச்சம் 45. துண்டு 50 ரூபாப்படி 2,250. வாழையிலைத் துண்டுக்கும் ஈர்க்குக் குச்சிக்கும் உங்கள் நேரத்துக்கும் 650 ரூபா இருக்கிறது. ஒரு துண்டைத் தின்றவரில் பத்துக்கு ஒருவர் கால் கிலோ கட்டச் சொல்வார் என்பதை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை. அதோடு தொதல் கெட்டுப்போகிற சாமான் இல்லை. அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் கை கடுக்கக் கடுக்கக் கிண்டி, எண்ணெய் பிரிந்து வரும்வரை வற்றவைத்த பண்டம். இன்று விற்காதது நாளைக்கும் இருக்கும்.

வட்டிலப்பம் அப்படியில்லை, அதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலான சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதே என்பது சமைத்த உணவுக்குப் பொதுவான விதி. நம் ஊர்ப் பின்னேரம் முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கிறது. பெரிய தட்டில் அவித்து வண்டியில் திறந்து வைத்து வெட்டி வெட்டிக் கொடுத்தால் எட்டு மணிக்கு வருகிறவருக்கு வயிற்றுவலிதான். சின்னக் கிண்ணங்களில் அவித்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, கேட்க ஒன்று எடுத்துக் கொடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. சின்ன அளவு இங்கே ருசிக்கு மட்டுமல்ல, சுகாதாரத்துக்கும் வசதி.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து சுட்டுக்கொண்டு வரும். நான் கச்சான் தின்றுகொண்டே கச்சானில் வாடுகிற ஆள். அந்த மாதங்களில் திறந்த தட்டில் எதை வைத்தாலும் மேலே மணல் தூவல் இலவசம். வண்டியின் முதுகைப் பட்டணப் பக்கம் திருப்பி, கண்ணாடி மூடி ஒன்று போட்டால் பாதி தீர்ந்தது. வாடைக் காலத்தில் மழையே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

என் சொந்த நலமும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். கச்சானோடு நிற்பதற்குக் காரணம் அதுதான், கஞ்சத்தனம் இல்லை. சந்தேகம் இருந்தால் என் மருந்துப் பையைக் காட்டுகிறேன். ஒரு கிளாஸ் பலூடா எனக்கு விலக்கு. ஒரு கடி தொதல் விலக்கு இல்லை, கிளினிக்கில் கேட்டுவிட்டேன். 2016 இலிருந்து போத்தல் பானங்களில் சீனி அளவுக்கு நிற வட்டம் போடுகிறார்கள்: 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை. வண்டிக்கு யாரும் வட்டம் போடச் சொல்லப்போவதில்லை. துண்டு சின்னதாக இருந்தால் எங்களைப் போன்றவர்கள் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்வோம். பின்னேரம் அந்தக் கடற்கரையில் நடக்கிற என் வயதுக்காரரை எண்ணிப் பாருங்கள். பாதிப் பேர் சீனிக்காகத்தான் நடக்கிறார்கள். உங்கள் வண்டிகளை மூக்கால் மட்டும் கடந்து போகிற அவ்வளவு பேரும் வாடிக்கையாளர்கள்தான்.

நகர நிர்வாகத்தாரே, இனி உங்கள் பக்கம்.

கட்டடம் கேட்கவில்லை. உணவுத் தெரு என்று வளைவு கட்டி, அதில் பெயர் எழுதி, நாடா வெட்டி, ஆறாம் மாதம் பூட்டிக்கிடக்கிற எதையும் கேட்கவில்லை. சிங்கப்பூரைக் காட்டிச் சிலர் கதைப்பார்கள். அவர்கள் 1970களிலும் 80களிலும் தெரு வியாபாரிகளை நிலையங்களுக்குள் கொண்டுபோனார்கள், 2020 டிசம்பரில் யுனெஸ்கோவும் அந்தப் பண்பாட்டைப் பட்டியலில் சேர்த்தது, உண்மைதான். அங்கே முதலில் போய்ச் சேர்ந்தது தண்ணீர்க் குழாயும் கழிவு வடிகாலும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்களுக்கும் அது போதும். கை கழுவ இரண்டு குழாய், மணலுக்குள் ஓடாத வடிகால், எட்டரை மணிக்கு அணையாத விளக்கு, மான் தலை நுழையாத மூடியோடு தொட்டிகள். சோற்றுப் பொதி சுற்றுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட் 2017 இல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் மெல்லிய பொலித்தீன் ஏதோ ஒரு பெயரில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசியில் மானின் வயிற்றுக்குள் போகிறது. வாய் அளவுப் பண்டத்துக்கு இலைத்துண்டு போதும். இலையை மான் தின்றால் யாரும் அழ வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த இனிப்புகளைச் செய்யத் தெரிந்தவர்கள் கடற்கரையில் இல்லை, வீட்டுக் குசினிகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். கலியாண வீட்டுக்கு, பெருநாளுக்கு, ஓடருக்குச் செய்துகொடுப்பார்கள். வருடத்தில் பத்துத் தடவை கை நிறைய வேலை, மற்ற நாளில் சும்மா. ஒவ்வொரு நாளும் வண்டி போட அவர்களால் முடியாது, வண்டிக்கு முதலும் இல்லை. கிழமையில் ஒரு பின்னேரத்துக்கு ஒரு மேசை அளவு இடத்தை நாட்கூலி மாதிரிச் சின்னக் கட்டணத்துக்குக் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஒருவர் வீட்டுக்குப் போய்க் குசினியைப் பார்த்து, என்ன திருத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கட்டும். அவர் முதல்முறை வருவது தண்டப் புத்தகத்தோடு இருக்க வேண்டாம். நிலைமை சரியென்றால் ஒரு அட்டை. மேசையில் அந்த அட்டையும் விலைப் பலகையும் மூன்று மொழியிலும் தெரியட்டும். விலை எழுதியிருந்தால் வெளிநாட்டு முகத்துக்கு ஒரு விலை, உள்ளூர் முகத்துக்கு ஒரு விலை என்ற கதையும் ஓயும். என் மருமகள் தமிழில் கேட்டும் அன்னாசிக்கு அவளுக்கு ஒரு விலை சொன்னார்கள், எனக்கு ஒரு விலை சொன்னார்கள். ஆளைச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியும்.

எந்தப் பின்னேரத்தில் தொடங்குவது என்று கேட்டால், முழுநிலவு நாளான போயா தினம் என்பேன். அன்று இறைச்சிக் கடைகளும் பூட்டு, மதுக்கடைகளும் பூட்டு. குடும்பம் குடும்பமாக ஆட்கள் கடற்கரைக்குத்தான் வருகிறார்கள். வெயில் பட்டணத்துக்குப் பின்னால் இறங்க, கடலுக்குள்ளிருந்து நிலவு செம்பு நிறத்தில் எழும்பும். அந்த அரை மணித்தியாலம் யாரும் இடத்தை விட்டு அசைவதில்லை. விற்கத் தெரிந்தவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நடைமுறைக்கு ஒரு சின்ன உதவியும் செய்திருக்கிறேன். தச்சுவேலை தெரிந்த ஒரு நண்பரைப் பிடித்து, மரப்பலகையில் 20 கிராம் தொதல் துண்டுக்குச் சரியாகக் கோடு கீறி வாங்கியிருக்கிறேன். நிறுத்துப் பார்த்தேன், ஒன்று இரண்டு கிராம் முன்பின். பலகையை வைத்து அச்சு அழுத்தினால் நூல் பிடித்தது போல வரும். வருகிற போயாவுக்கு அதைக் கையில் கொண்டு வருகிறேன், கச்சான் வண்டிக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில்தான் இருப்பேன். முதலில் கேட்கிறவருக்குக் கொடுப்பேன். இரண்டாவது ஆள் கேட்டால் இன்னொன்று செய்விப்பேன்.

இப்படிக்கு,
கச்சான் ஐயா
திருகோணமலை

பி.கு.: எழுதி முடித்ததை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பலகை எல்லாம் சரி, இந்த ஆளுக்கு மட்டும் ஒரு பின்னேரத்துக்கு ஒரு துண்டுக்கு மேல் விற்கக் கூடாது என்றும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.